மொரீசியஸ் காட்டைப் பற்றிக் கேளுங்கள் (வௌவால் சண்டை உட்பட)

சனி, ஞாயிறு ஆனால் பிளாக் ரிவர் காட்டில் கிடப்பவள் நான். எதையும் கேட்கலாம், குரங்குக்குப் பிஸ்கட் போட்ட கதை மட்டும் வேண்டாம்.

ரோஸ் ஹில் தம்பி: அக்கா, நம்ம ஊர் கெஸ்ட்ரல், அதான் அந்தச் சின்ன வல்லூறு, அழியப் பார்த்ததாமே?

1974இல் காட்டில் தெரிந்தவை நாலே நாலு. டிடிடி பூச்சிமருந்து, காடு சுருங்கியது, முட்டை திருடும் குரங்கு, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 1979இல் வந்த பறவைப் பாதுகாவலர் கார்ல் ஜோன்ஸ் கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்க வைத்தார், முட்டை போன தாய் சும்மா இருக்காமல் மறுபடியும் இட்டது. குரங்கு எடுத்தாலும் மறுபடி இடும்தானே என்று கேட்காதீர்கள், குரங்கு எடுத்ததை யார் பொரிப்பது?

கேள்வி: டோடோ ஏன் அழிந்தது?

ஆள், எலி, பன்றி, குரங்கு. போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: பச்சைப் பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன்?

உங்களுக்கான பலன் பஞ்சாங்கத்தில். பூவுக்கான பலனை நான் சொல்கிறேன். நம் தேசியப் பூவின் உறவான ஒரு டிரோகேஷியா செடிக்கு மகரந்தம் சுமப்பது இந்தப் பல்லிதான். கெஸ்ட்ரலுக்குப் பயந்து தாழம்புதருக்குள் ஒளிந்திருக்கும், தேன் குடிக்க வெளியே வந்தாலும் புதரை விட்டுத் தூரம் போகாது. அதனால் தாழை பக்கத்தில் நிற்கும் செடிதான் நன்றாகக் காய்க்கும். முள்ளாயிருக்கிறதே என்று தாழையை வெட்டினால் பூவும் போச்சு.

லிச்சித் தோட்டக்காரர்: வௌவாலைப் பற்றிப் பேசவே மாட்டீர்களா அம்மா? மரமே மொட்டை!

பேசுகிறேன் அண்ணா. என் வீட்டிலும் ஒரு லிச்சி மரம் உண்டு. விடிந்தால் தகரக் கூரை முழுக்கச் சக்கை உருண்டை, சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பியது. கோபம் எனக்கும் வரும். ஆனால் 2015இல் முப்பதாயிரத்துக்கு மேல் சுட்டார்களே, உங்கள் மரம் தப்பியதா?

தோட்டக்காரர்: சுட்டது போதாது!

ரோஸ் ஹில் தம்பி: காட்டு மரத்துக்கு விதை தூவுவது யார், நீங்களா?

தோட்டக்காரர்: லிச்சி கடனை விதை கட்டுமா?

இருவரும் நிறுத்துங்கள். தம்பி சொன்னது சரி, கடன் உங்களுக்கு என்பதும் சரி. வலை கட்டுங்கள் அண்ணா. மரத்தின் மேல் தொளதொளவென்று போர்த்தக் கூடாது, நான் அப்படிப் போர்த்தி, ஒருநாள் காலையில் சிறகு சிக்கிய வௌவாலை நூல் நூலாகக் கத்தரித்து எடுத்தேன். சட்டம் அடித்து, சிறுகண் வலையை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி: டோடோ எதனால்...

மேலே பாருங்கள்.

கேள்வி: கிராண்ட் பாசின் கோயில் ஏரிக் குரங்குக்கு வாழைப்பழம் மட்டும் போடலாமா? பிஸ்கட் இல்லை அக்கா.

ஐயோ. கூடாது.

தோட்டக்காரர்: வலை எப்போது கட்டணும்?

காய் சிவக்கத் தொடங்கும் முன்பே. சட்டம் அடிக்க ஆள் வேண்டுமானால் தம்பியைக் கூப்பிடுங்கள், இவ்வளவு பேசியவன் ஏணியாவது பிடிக்கட்டும்.