கியர்பாக்ஸ் உதறுகிறதா? எந்த ஆயில் ஊற்றுவது?

வாசகர்கள் அனுப்பிய கார் கேள்விகளில் இந்த முறை கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தப்பான ஆயிலை ஊற்றிவிட்டு, அப்புறம் கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வந்த வண்டிகளைப் பார்த்து மனசு கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: 2011 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அறுபது, எழுபது வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி உதறுகிறது, ஜல்லி ரோட்டில் போகிற மாதிரி. ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தால் நின்றுவிடுகிறது. மெக்கானிக், "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் சிவப்பு ஆயில்தான் சார், டெக்ஸ்ரான் 3 ஊத்திரலாம்" என்கிறார். கம்பெனி ஆயில் விலை அதிகம். எதை ஊற்றுவது? - வாசகர், கோவை

பதில்: டெக்ஸ்ரான் 3 வேண்டாம், அது ஜெனரல் மோட்டார்ஸ் தரத்துக்குச் செய்த ஆயில். உங்கள் வண்டிக்கு ஹோண்டா ஏடிஎஃப் டிடபிள்யூ-1 தான் (ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்). முன்னால் இசட்-1 என்று ஒன்று இருந்தது, அதற்குப் பதிலாக வந்தது இது. உள்ளே பழைய இசட்-1 மிச்சம் இருந்தாலும் இதோடு கலக்கலாம், பிரச்சினை இல்லை.

நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலைகள். பல்சக்கரங்களுக்கு நடுவில் வழுக்கிக்கொடுக்க வேண்டும், அதே நேரத்தில் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவில் பிடிப்பு கொடுக்கவும் வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு பிடிப்பு என்பதைத் தீர்மானிக்க ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்று ஒரு ரசாயனத்தைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அந்தக் காலத்து அமெரிக்க ஆயில்களில் இந்த வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய். 1970களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்த பிறகுதான் செயற்கை ரசாயனங்களுக்கு மாறினார்கள். இன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன்னுடைய கிளட்ச் தட்டுக்குத் தக்கபடி அந்த ரசாயனத்தை வைத்திருக்கிறது. அதிலும் உங்கள் சிட்டியின் கியர்பாக்ஸ் கொஞ்சம் தனி ரகம். மற்ற ஆட்டோமேட்டிக்குகள் பெரும்பாலும், நடுச்சக்கரத்தைச் சின்னச் சக்கரங்கள் சுற்றிவருகிற கோள்சக்கர அமைப்பில் ஓடும். ஹோண்டாவுடையது மேனுவல் பெட்டி மாதிரி இணையான ஷாஃப்டுகளும், ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் அடுக்குகளும் வைத்தது. நிறம் சிவப்பாக இருப்பதால் மட்டும் இதற்குப் பொருந்திவிடாது. சிவப்பு என்பது வெறும் சாயம், ஒழுகினால் என்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்று கண்டுபிடிக்கச் சேர்ப்பது.

இன்னொன்றையும் உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடு நிறுத்திவிட்டது. இப்போது டின்னில் அந்தப் பெயரைப் பார்த்தால், அதற்குள் இருப்பதை அவர்கள் சோதித்து ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை.

சரி, உதறலுக்கு வருவோம். என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர்; சீரான வேகத்தில் இரண்டையும் நேரடியாகப் பூட்டுவது அதற்குள் இருக்கிற லாக்-அப் கிளட்ச். நீங்கள் சொல்கிற அறிகுறி அந்தக் கிளட்சைத்தான் காட்டுகிறது. சிமெண்ட் தரையில் மர நாற்காலியை இழுத்தால் கடகடவென்று துள்ளித் துள்ளி வருமே, அதே கதைதான்: ஆயிலில் அந்த ரசாயனம் தேய்ந்துபோனால் கிளட்ச் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, ஒரு நொடிக்குள் பல தடவை துள்ளும். உறுதிப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது. பின்னால் வண்டி வராத காலி ரோட்டில், உதறல் வரும்போது ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், பிரேக் லைட் எரிகிற அளவுக்குத் தொட்டால் போதும். அந்த நொடியில் லாக்-அப் விடுபடும். உதறலும் அதோடு நின்றால் சந்தேகம் தீர்ந்தது. நிற்கவில்லையா? ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் முதலில் பாருங்கள். என்ஜின் மிஸ்ஸாவதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் உதறும், அதற்குக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஹோண்டாவில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடிய பிறகு, சமதரையில் என்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிஷத்துக்குள் அளவு பார்க்க வேண்டும். பல வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே பார்ப்பார்கள், அந்தப் பழக்கத்தில் இதையும் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். குச்சியில் இருப்பதை ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் காத்திருங்கள். நல்ல ஆயில் இளஞ்சிவப்பாக வட்டமாகப் பரவும். பழுப்பாகப் பரவினால் வயசாகிவிட்டது, மாற்றினால் பலன் உண்டு. நடுவில் கறுப்புப் புள்ளியாகத் தங்கி, ஓரத்தில் மட்டும் ஆயில் கசிந்து, மூக்கில் வைத்தால் கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டே தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயில் மட்டும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. "ஆயில் மாத்தினேன், மறுநாளே கியர் வழுக்க ஆரம்பிச்சிருச்சு" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில் மாற்றியவர்கள்.

உங்களுடையது பழுப்பு நிலைதான் என்றால் கவலை வேண்டாம். ஆயிலை இறக்குகிற அடிப்பக்க டிரெயின் பிளக்கைக் கழற்றினால் சுமார் இரண்டரை லிட்டர்தான் இறங்கும், மிச்சம் டார்க் கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு தடவை மாற்றினால் பாதிக்கும் குறைவாகத்தான் புதுசு. அதனால் மாற்றி, எல்லா கியரும் விழுகிற மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி மாற்றி, அப்படி மூன்று தடவை செய்தால் முக்கால் பங்குக்கு மேல் புது ஆயிலாகிவிடும். இறக்கிய ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். பிளக்கில் ஒரு காந்தம் இருக்கும், அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். துணியால் துடைத்துவிட்டு, வாஷரைப் புதுசாகப் போட்டு மாட்டலாம். விரலில் தேய்த்தால் குத்துகிற மாதிரி துணுக்குகள் இருந்தால் அது வேறு விஷயம், அதைக் கையோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்கிறோம் என்பார்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்டியில் நான் செய்ய விடமாட்டேன், அடியில் படிந்திருக்கிற கசடு கிளம்பி, ஆயிலை அந்தந்த கிளட்சுக்குத் திருப்பிவிடுகிற வால்வு பாடியின் சின்னச் சின்னத் துவாரங்களை அடைத்தால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நான் பாவிப்பது டொயோட்டா பிரீமியோ 260, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனம். மெதுவாகப் போகும்போது இழுத்து இழுத்து ஓடுகிறது. கராஜில் ஏடிஎஃப் விட்டால் சரிவரும் என்கிறார்கள். புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருப்பதால் ஒன்றும் விளங்கவில்லை. - வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தயவுசெய்து ஏடிஎஃப் விட வேண்டாம். உங்களுடையது சிவிடி. அதற்குள் கியர்கள் மாறுவதில்லை, இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவில் ஒரு இரும்பு பெல்ட் இறுகப் பிடித்து ஓடுகிறது. இரும்பும் இரும்பும் வழுக்காமல் பிடிப்பதற்கென்றே செய்த ஆயில் அதில் இருக்கிறது. சாதாரண ஏடிஎஃப் விட்டால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும். விழுந்த கீறலை எந்த ஆயிலும் ஆற்றாது. டொயோட்டாவின் சிவிடி ஆயில்களில் முன்னால் டிசி என்று ஒரு வகை, பின்னால் எஃப்இ என்று ஒரு வகை. உங்களுடையதற்கு எது என்று பார்க்கப் புத்தகம் வேண்டாம், பல வண்டிகளில் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கின் தகட்டிலேயே எழுத்தைப் பொறித்திருப்பார்கள். டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் சேசி இலக்கத்தைக் கொடுத்து பாகங்கள் விற்கிற இடத்தில் கேளுங்கள், அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். ஏற்கெனவே யாராவது ஏடிஎஃப் விட்டிருந்தால் இன்றைக்கே இறக்குங்கள், "இன்னும் ஓடுதுதானே" என்று விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: மாருதி செலேரியோ ஏஎம்டி. ஒவ்வொரு கியர் மாறும்போதும் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடுகிறோம். விலை கூடின ஏடிஎஃப் போட்டால் குறையுமா? - வாசகி, மதுரை

பதில்: உங்கள் வண்டியில் ஏடிஎஃப் ஊற்றுகிற இடமே கிடையாது அம்மா. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கிற காலுக்கும் கியர் போடுகிற கைக்கும் பதிலாக ஒரு ஹைட்ராலிக் கருவி வேலை செய்கிறது. பெட்டிக்குள் மேனுவல் கியர் ஆயில், அந்தக் கருவிக்குத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் அதற்கேற்ற திரவம். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. கியர் மாறும்போது ஒரு நொடி இழுவை அறுந்து மறுபடி வருவது இந்த முறையின் இயல்பு, மாறப்போகிற நேரத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாகத் தளர்த்திப் பழகினால் பாதி குறையும். முன்பு இல்லாமல் புதுசாக ஆடுகிறது என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், ஸ்கேனர் போட்டு கிளட்ச் கேலிபரேஷன் (கிளட்ச் பிடிக்கிற இடத்தைக் கருவிக்குப் புதிதாகப் பழக்குவது) செய்யச் சொல்லுங்கள். மேட்டில் சிக்னலில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், கிளட்சைச் சீக்கிரம் தீர்ப்பது அதுதான்.

கேள்வி: மேனுவல் காரில் இரண்டாவது கியர் கரகரவென்று விழுகிறது. கிரவுனுக்கு (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் பல்சக்கரம்) ஊற்றுகிற 90 ஆயில் ஊற்றினால் கெட்டியாக இருக்கும், சத்தம் போகும் என்கிறார் பட்டறைக்காரர். சரியா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. நான் முன்பு வைத்திருந்த பழைய காருக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் ஊற்றினார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நானும் டின்னைத் திருப்பிப் பார்க்கவில்லை. சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் அந்த மார்கழிக் காலையில் இரண்டாவது கியர் போட லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, வெயில் ஏறினால்தான் சரியானது. வருஷம் திரும்புவதற்குள் பெட்டியைப் பிரித்தபோது கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை சின்க்ரோ ரிங்கின் பல் முனைகள் மழுங்கிப்போய், பளபளப்பு போய்க் கறுத்துக் கிடந்தன.

கிரவுனுக்குப் போடுவது பெரும்பாலும் ஜிஎல்-5 தரம். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். கிரவுன் பல்லுக்கு அது அவசியம், ஆனால் பித்தளையை அரிக்கக்கூடியது. மேலும் சின்க்ரோ ரிங் வேலை செய்வதே உரசிப் பிடிப்பதால்தான், அது வழுக்கினால் கியர் கரகரக்கத்தானே செய்யும்? காரோடு வந்த புத்தகம் ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4, அதில் போட்டிருக்கிற 75டபிள்யூ-80 மாதிரியான கெட்டித்தன்மைக்கான எண்களையும் அப்படியே பாருங்கள். ஆயிலுக்கு முன்னால் கிளட்ச் முழுசாக விடுபடுகிறதா என்று பாருங்கள். என்ஜின் நிறுத்தியிருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் பக்கம்தான் பழுது.

கேள்வி: மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கதவு வரை தண்ணீரில் நின்ற ஆட்டோமேட்டிக் கார் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. என்ஜின் ஆயில் மாற்றியாகிவிட்டது என்கிறார்கள். வாங்கலாமா? - வாசகர், வேளச்சேரி

பதில்: கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெட்டியின் மேலே காற்று போக ஒரு மூச்சுக்குழாய் உண்டு, வெள்ளத்தில் அது வழியாகத் தண்ணீர் இறங்கும். ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிளட்ச் தட்டில் உரசும் காகிதப் பூச்சைப் பிடித்திருக்கிற பசையைத் தண்ணீர் கெடுத்துவிடும், அப்புறம் எத்தனை லிட்டர் நல்ல ஆயில் ஊற்றினாலும் உரிந்தது உரிந்ததுதான். (வெள்ளத்தில் சிக்காத வண்டியிலும் இந்த நிறம் வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கிற ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலக்கிறது என்று பொருள்.) புது ஆயில் ஊற்றி மறைத்திருக்கவும் கூடும், டிப்ஸ்டிக் குழாயின் உள்பக்கத்தில் துருவோ சேறோ இருக்கிறதா என்று பாருங்கள். நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

கேள்வி: என் காரின் கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று விற்கும்போது சொன்னார்கள். நம்பலாமா? - வாசகர், சேலம்

பதில்: யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்லவில்லையே. பல உயர்ரகக் கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருஷத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் 60,000 தாண்டியதும் ஒரு தடவை டிஷ்யூ பேப்பரில் சொட்டு விட்டுப் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டி என்றால் லிஃப்டில் ஏற்றி, கம்பெனி சொல்லும் ஆயில் சூட்டில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். சூட்டை அளக்க ஸ்கேனர் இல்லாத பட்டறையில் அளவு பார்க்கிற பிளக்கைத் திறக்க விடாதீர்கள்.