பட்டம் இல்லாமல் பிரீஸ்கூல் டைரக்டர் ஆகலாமா?

கலிஃபோர்னியாவில் டே கேர், பிரீஸ்கூல் வேலையில் இருக்கும் வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். அமெரிக்காவில் இந்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும்.

ஊரில் ப்ளஸ் டூ வரைதான் படித்தேன். இரண்டு வருடமாக ஒரு தனியார் பிரீஸ்கூலில் எய்டாக (டீச்சருக்கு உதவியாளராக) வேலை பார்க்கிறேன். டிகிரி இல்லாவிட்டால் கடைசிவரை எய்டுதான் என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, ஃப்ரீமான்ட்

உண்மையில்லை, மையத்தின் பொறுப்பாளரான டைரக்டராகவே ஆகலாம். தனியார் மையங்களுக்குப் பொருந்துவது டைட்டில் 22 என்னும் விதித்தொகுப்பு. குழந்தை வளர்ச்சித் துறையில் இளங்கலைப் பட்டம் வாங்கியவர் டைரக்டர் ஆக அது ஓராண்டு அனுபவம் கேட்கிறது. அசோசியேட் பட்டம் (இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டம்) என்றால் இரண்டு ஆண்டு. பள்ளிப் படிப்பு மட்டும் முடித்தவருக்கும் வழி வைத்திருக்கிறது: கல்லூரியில் 15 செமஸ்டர் யூனிட் (யூனிட் என்பது பாடத்தின் அளவு, ஒரு பாடம் பெரும்பாலும் 3 யூனிட்), லைசென்ஸ் பெற்ற மையத்தில் நான்கு ஆண்டு கற்பித்த அனுபவம். உங்கள் வழி இதுதான்.

அந்த 15 யூனிட்டில் 12 யூனிட் குழந்தைக் கல்விப் பாடங்கள். குழந்தையின் வளர்ச்சி, குழந்தை–குடும்பம்–சமூகம், பாடத்திட்டம் ஆகிய மூன்றும் அதற்குள் வந்தாக வேண்டும். மீதி 3 யூனிட் நிர்வாகம் அல்லது பணியாளர் உறவு. கைக்குழந்தைகள் இருக்கும் மையத்துக்கு டைரக்டராக ஆசை இருந்தால், 12 யூனிட்டில் எஞ்சும் ஒரு பாடத்தைக் கைக்குழந்தைப் பராமரிப்பாக எடுத்துவிடுங்கள். அங்கே அந்த 3 யூனிட்டையும் கேட்பார்கள்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பதில்தான் பலர் வருடங்களை இழக்கிறார்கள். விதியில் இருப்பது 'கற்பித்த அனுபவம்' என்ற சொல். எய்டாக இருந்த இரண்டு வருடத்தை அதில் சேர்ப்பார்கள் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முதல் பருவத்திலேயே இரண்டு பாடம் எடுத்து 6 யூனிட் முடித்துவிட்டால் உங்களை டீச்சராக நியமிக்க விதி இடம் கொடுக்கிறது. அதன்பின் ஒவ்வொரு பருவமும் குறைந்தது 2 யூனிட் படித்து 12-ஐ எட்ட வேண்டும். டீச்சர் என்று நியமனம் ஆன நாளிலிருந்து உங்கள் நான்கு ஆண்டு சந்தேகமில்லாமல் ஓடத் தொடங்கும். 15 யூனிட்டையும் முடித்துவிட்டு டீச்சர் ஆகலாம் என்று காத்திருந்தால் அந்தக் காலம் முழுக்க வீண்.

கம்யூனிட்டி காலேஜில் 18 வயது நிறைந்த எவரும் சேரலாம். ப்ளஸ் டூ மதிப்பெண் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மாநிலவாசிக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர், ஆக 15 யூனிட்டுக்கு 690. ஓராண்டுக்கு மேல் இங்கே குடியிருப்பதை ஆவணத்தோடு காட்டினால்தான் இந்தக் கட்டணம். இல்லையென்றால் பல மடங்கு ஆகும். ப்ளஸ் டூ சான்றிதழை ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, 'அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக்குச் சமம்' என்று இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

டி ஆன்ஸா காலேஜில் 16 யூனிட் முடித்துவிட்டேன். 15 போதும் என்கிறபோது, எனக்கு இன்னும் குறைகிறது என்று ஏன் சொல்கிறார்கள்?
— வாசகி, கூப்பர்டினோ

உங்களிடம் இருப்பது குவார்ட்டர் யூனிட். டி ஆன்ஸா, ஃபுட்ஹில் இரண்டிலும் வருடத்தைக் குவார்ட்டர்களாகப் பிரித்து நடத்துகிறார்கள். ஃப்ரீமான்டின் ஓலோனி, சான்டா கிளாராவின் மிஷன் காலேஜ் போன்றவை செமஸ்டர் முறை. 3 குவார்ட்டர் யூனிட் சேர்ந்தால்தான் 2 செமஸ்டர் யூனிட். அந்தக் கணக்கில் உங்கள் 16, பத்தே முக்கால்கூட வராது. 15 செமஸ்டர் யூனிட்டுக்கு ஈடு 22.5 குவார்ட்டர் யூனிட்.

நிர்வாகப் பாடத்தில் இது இன்னும் சிக்கல். அங்கே கேட்பது 3 செமஸ்டர் யூனிட், அதாவது 4.5 குவார்ட்டர். 4 யூனிட் உள்ள ஒரே ஒரு நிர்வாகப் பாடத்தோடு நிறுத்தினால் அரை யூனிட் துண்டு விழும். அந்த அரை யூனிட்டுக்காக இன்னொரு பாடமே எடுக்க வேண்டியிருக்கும். நிர்வாகப் பாடத்தைப் பல கல்லூரிகள் எல்லாப் பருவத்திலும் நடத்துவதில்லை என்பதால், அது எப்போது வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து, மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் 'டைரக்டர் சர்டிஃபிகேட்' கொடுக்கிறார்கள். சில வாரத்தில் முடிகிறது. அதையோ, சி.டி.ஏ. (சைல்டு டெவலப்மென்ட் அசோசியேட்) சான்றையோ வைத்து டைரக்டர் ஆகலாமா?
— வாசகி, சான் ரமோன்

பயிற்சி மணிநேரம் வேறு, கல்லூரி யூனிட் வேறு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் யூனிட்டாக வராத எதையும் இந்த 15-இல் சேர்க்க முடியாது. அந்தச் சர்டிஃபிகேட்டுக்குப் பணம் கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது எந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் வரும்?" நேரான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சி.டி.ஏ. அப்படியல்ல, அது மதிப்புள்ள சான்று. எட்டுத் தலைப்புகளில் 120 மணிநேரப் படிப்பு, குழந்தைகளோடு 480 மணிநேர வேலை, ஒரு போர்ட்ஃபோலியோ, நேரில் வந்து பார்க்கும் ஒரு வல்லுநர், 65 கேள்விகள் கொண்ட தேர்வு என்று முறையாக நடக்கிறது. மூன்று ஆண்டு செல்லும். சில மாநிலங்களில் டைரக்டர் ஆகும் வழியிலேயே அதற்கு இடம் உண்டு. டெக்ஸஸ் அப்படி ஒன்று. கலிஃபோர்னியாவில் ஆறு மாத அனுபவத்தோடு சேர்ந்தால் அது உங்களை டீச்சர் ஆக்கும், அவ்வளவுதான். டைரக்டர் நாற்காலிக்கு யூனிட்தான் கணக்கு.

நான் மூன்று வருடம் டீச்சராக இருந்த மையத்தை மூடிவிட்டார்கள். அனுபவக் கடிதம் வாங்கவில்லை. என்ன செய்வது?
— வாசகி, சன்னிவேல்

முதலில் அந்த மையத்தின் லைசென்ஸ் எண்ணைத் தேடி எடுங்கள். லைசென்சிங் துறையின் இணையதளத்தில் மூடப்பட்ட மையங்களும் இருக்கும். பழைய டைரக்டர் எங்கே போயிருந்தாலும், அன்றைய டைரக்டர் என்ற முறையில் அவர் கையெழுத்திட்டுத் தரலாம். அந்த வருடங்களின் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிக் கணக்கு) படிவங்களையும் சம்பளச் சீட்டுகளையும் அதற்குத் துணையாக வையுங்கள்.

கடிதத்தில் 'நல்ல பணியாளர், முழுநேரம் உழைத்தார்' என்று இருந்தால் அதை வைத்து யாரும் எதையும் கணக்கிட முடியாது. இப்படி எழுதி வாங்குங்கள்: "இன்னார், இந்த லைசென்ஸ் எண் கொண்ட எங்கள் மையத்தில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, டீச்சர் பொறுப்பில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுடன், நாளுக்கு ஆறு மணிநேரம், வாரத்துக்கு ஐந்து நாள் பணியாற்றினார்." எய்டாக இருந்து டீச்சர் ஆனவர் என்றால் இரண்டு காலத்தையும் தனித்தனி வரியில் போடச் சொல்லுங்கள். இன்று வேலையில் இருப்பவர்களும் வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவது நல்லது. மையங்கள் கை மாறுகின்றன, டைரக்டர்கள் மாறுகிறார்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறேன். படிக்கலாமா, வேலை செய்யலாமா?
— வாசகி, டப்ளின்

படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய ஈ.ஏ.டி. என்னும் வேலை அனுமதி அட்டை வேண்டும். கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அட்டை வரும்வரை யூனிட்டுகளை முடித்துக்கொண்டிருங்கள்.

அரசு மானியத்தில் நடக்கும் பிரீஸ்கூலிலும் இதே 15 யூனிட் போதுமா?
— வாசகி, சேக்ரமென்டோ

போதாது. அங்கே டைட்டில் 5 விதி. ஒரு மையத்தை நடத்த சைட் சூப்பர்வைசர் பெர்மிட் (மையப் பொறுப்பாளருக்கான மாநில அனுமதிச் சான்று) வேண்டும். அசோசியேட் பட்டம் இல்லாதவரும் 60 கல்லூரி யூனிட் சேர்த்து அதை வாங்கலாம். அந்த 60-க்குள் 24 யூனிட் குழந்தைக் கல்வியாகவும், அவற்றோடு 6 நிர்வாகமும் 2 பெரியவர்களை மேற்பார்வை செய்வதுமாக இருக்க வேண்டும். மேற்பார்வை அனுபவமும் கேட்பார்கள். ஹெட் ஸ்டார்ட் என்னும் மத்திய அரசின் ஏழைக் குழந்தைகள் திட்டத்தில் டைரக்டர் பதவிக்கு இளங்கலைப் பட்டம் இல்லாமல் புதிதாக எடுக்க மாட்டார்கள். ஆகவே 15 யூனிட்டில் கிடைப்பது தனியார் மைய வேலை மட்டும். எங்கள் யோசனை, 15 முடிந்த பிறகும் பருவத்துக்கு ஒரு பாடமாவது எடுத்துக்கொண்டே இருங்கள். எடுத்த யூனிட் எதுவும் வீணாகாது.

அடுத்த மாதம் டைரக்டராகப் பொறுப்பேற்கிறேன். புதியவர்கள் எதில் மாட்டிக்கொள்கிறார்கள்?
— வாசகி, ப்ளெசன்டன்

முதலில் உங்கள் கோப்பை நிரப்புங்கள்: கல்லூரியின் அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட், அனுபவக் கடிதங்கள், மருத்துவப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மை–கக்குவான் தடுப்பூசிச் சான்று, ஃப்ளூ ஊசி அல்லது அதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்த தாள். குழந்தைகளுக்கான முதலுதவி, சி.பி.ஆர். வகுப்பில் செய்முறைப் பயிற்சி இருக்க வேண்டும். வீடியோ மட்டும் பார்த்து வாங்கிய சான்றை ஏற்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடத்தில். பிரீஸ்கூல் வகுப்பில் ஒரு டீச்சருக்கு 12 குழந்தை, கைக்குழந்தைகள் என்றால் ஒருவருக்கு 4. காலையில் இது சரியாகவே இருக்கும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு டீச்சர் கிளம்பி, இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் உடையும். பணி அட்டவணையைக் கடைசி ஒரு மணிநேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். அடுத்து, கையெழுத்துப் பதிவேடு. கொண்டுவிடுபவரும் கூட்டிப்போகிறவரும் முழுக் கையெழுத்தும் நேரமும் எழுத வேண்டும். இனிஷியல் போட்டால் தவறு.

மூன்றாவதில் அபராதமே விழும். கைரேகை அனுமதி வராத ஒருவரை வேலையில் விட்டால் முதல் முறை நாளுக்கு 100 டாலர் வீதம் ஐந்து நாள் வரை. முந்தைய மையத்தில் அனுமதி வாங்கியவர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அனுமதி உங்கள் மையத்தின் பெயரோடு இணைய வேண்டும். கார்டியன் என்னும் இணையப் பதிவில் அவர் பெயர் உங்கள் மையத்தின் பட்டியலில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த பிறகு வகுப்பறைக்குள் அனுப்புங்கள்.