டேக்வாண்டோவில் இத்தனை வணக்கம் எதற்கு?

மகனை டேக்வாண்டோவில் சேர்த்த ஒருவர் கேட்டிருக்கிறார்: உள்ளே வந்தால் வணக்கம், வெளியே போனால் வணக்கம், உதைக்கும் முன்பும் பின்பும் வணக்கம், இந்த நேரத்தில் நாலு உதை கூடுதலாகப் பழகலாமே என்று.

கொரியாவில் வேலை பார்த்தபோது நானும் பழகியவன். என் பதில்: அந்த வணக்கமும் பயிற்சிதான். ஒருவரையொருவர் உதைத்துப் பழகும் இடத்தில் முகத்தில் ஓர் அடி பலமாக விழுந்தால் யாருக்கும் சுர்ரென்று கோபம் வரும். அந்த நேரத்தில் 'சாரியோத்' (நேராக நில்), 'கியோங்னே' (வணங்கு) என்று குரல் வந்ததும், அடித்தவன் முன்னால் நின்று இடுப்பை வளைத்துத் தலைகுனிய வேண்டும். அந்தச் சில நொடிகளில் மூச்சு சீராகிவிடும், கையும் தானாகத் தளரும். பெல்ட் அவிழ்ந்தால்கூட மாஸ்டர் பக்கம் பார்த்தபடி கட்டக் கூடாது, திரும்பி நின்றுதான் கட்ட வேண்டும்.

டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல்தான் வந்தது. இந்த ஒழுங்கு அதைவிடப் பழையது. அதைப் பார்க்க வேண்டுமானால் கொரிய வில்வித்தைக் களத்துக்குப் போங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இலக்கு 145 மீட்டர் தள்ளி நிற்கும், ஒரு சுற்றுக்கு ஐந்து அம்பு. முதல் அம்பை எடுப்பதற்கு முன் 'வில் கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் 'நிறைய படட்டும்' என்று வாழ்த்துவார்கள். நேற்று சேர்ந்தவர் மட்டுமில்லை, முப்பது வருடமாக எய்கிற பெரியவரும் அதையேதான் சொல்கிறார்! அப்புறம் எய்து முடிக்கும்வரை பேச்சு கிடையாது. அவர்களுக்கு ஒன்பது விதிகள் உண்டு, அதில் எய்யும் நுட்பம் பற்றி அனேகமாக எதுவும் இல்லை. ஜெயித்தவன் மேல் கசப்பு கொள்ளாதே, அடுத்தவன் வில்லை இழுக்காதே, இப்படித்தான் போகும்.

தெக்கியோன் என்று இன்னொரு பழைய கொரியத் தற்காப்புக் கலை உண்டு, 2011-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதில் மரியாதை ஆட்ட விதிக்குள்ளேயே இருக்கிறது. எதிராளிக்கு எட்டுகிற மாதிரி ஒரு காலை முன்னால் வைத்துத்தான் ஆட வேண்டும், எட்டாத தூரத்தில் ஒதுங்கி நிற்க முடியாது. காயப்படுத்துவது போல் குத்தி உதைக்காமல், தள்ளுகிற மாதிரி உதைத்து விழ வைக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, மரியாதை என்ற பெயரில் பிள்ளைகளை மிரட்டி அடக்குகிற வகுப்புகளும் இருக்கின்றன, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வணக்கம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நான் பழகிய இடத்தில் வெள்ளை பெல்ட் போட்ட சின்னப் பையன் குனிந்தாலும் மாஸ்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிக் குனிவார். அடுத்த தடவை மகனைக் கூட்டிவரப் போகும்போது பத்து நிமிஷம் முன்னதாகப் போய், அங்கே மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பிள்ளைகள் மட்டும்தான் குனிகிறார்கள் என்றால் வேறு வகுப்பு தேடுங்கள்.