காசு கொடுத்து ஆள் வைத்து வீட்டை ஒழித்து அடுக்க வேண்டுமா?

"நம் வீட்டை நாமே அடுக்கத் தெரியாதா, இதற்கு எதற்கு ஒரு ஆள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பிறர் வீட்டுச் சாமானை ஒழித்து அடுக்கிக் கொடுப்பதுதான் என் வேலை.

அடுக்குவது எங்கள் வேலையில் கடைசிப் பகுதி. முதலில் ஒரே வகைச் சாமானை எல்லா அறையிலிருந்தும் எடுத்து ஓரிடத்தில் குவிப்போம். போன மாதம் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கியதில் எவர்சில்வர் தூக்கு மட்டும் 17. கூடத்தில் வரிசையாக வைத்ததும் அந்த அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, அதில் வெட்டியிருந்த மாமியார் பெயரைத் தடவிப் பார்த்தார். "இது இருக்கட்டும்மா, மத்ததெல்லாம் எடுத்துக்கோ" என்றார். அந்த முடிவு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். "தூக்கிப் போடுங்கள்" என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை.

டப்பா, கூடை எல்லாம் ஒழித்த பிறகு வாங்குங்கள். முன்பே வாங்கினால் அதுவும் அடைசல்தான்.

ஆனால், எதையும் விட மனம் வராமல், நடக்கவே இடமில்லாத அளவு சாமான் சேர்ந்துவிட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் நோய்க் கையேட்டில் இதைத் தனிக் கோளாறாகவே சேர்த்தது. அப்படிப்பட்டவர் ஊருக்குப் போயிருக்கும்போது அள்ளி வெளியே போட்டுவிடாதீர்கள். முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், எங்களைப் பிறகு கூப்பிடலாம்.