விளம்பரத்துக்குப் புது யோசனை எங்கே கிடைக்கும்?

கேள்வி: "சேலத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஏஜென்சிக்குக் கொடுக்கிற அளவுக்கு வசதி இல்லை. ஆனால் எல்லோரும் போடுகிற மாதிரியே விளம்பரம் போடவும் மனசு வரவில்லை. புதுசாக யோசிக்க ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை அதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டுமா?"

பிறவியெல்லாம் ஒன்றுமில்லைங்க. நோட்டீஸ், போர்டு, பாக்கெட் டிசைன், இப்போது ரீல்ஸ் என்று இந்த ஊர்க் கடைக்காரர்களுக்கு விளம்பர வேலை செய்து பிழைக்கிறவன் நான். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். கடைக்காரரின் பெருமையை வைத்து எழுதினால் எல்லாக் கடைக்கும் ஒரே விளம்பரம்தான் வரும். வாங்க வருகிறவரின் சந்தேகத்தை வைத்து எழுதினால் கடைக்குக் கடை வேறாக வரும்.

ஐந்து ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போர்டுகளை மட்டும் படித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். 'தரமான', 'பாரம்பரியமிக்க', 'உங்கள் அபிமான', 'நம்பர் 1'. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் நகைக்கடை போர்டைப் பிரியாணிக் கடைக்கு மாட்டலாம். முதலாளி படம், அவருடைய அப்பா படம், குலதெய்வம், திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் என்று வரிசையாக இடம் ஒதுக்கியபிறகு மிச்சமிருக்கும் மூலையில்தான் சரக்கு. இப்போது பலபேர் ஏ.ஐ.யிடம் கேட்டு வாசகம் எடுத்து வருகிறார்கள். அதுவும் 'சுவையின் சங்கமம்', 'நம்பிக்கையின் மறுபெயர்' என்றுதான் தருகிறது. ஊரெல்லாம் எழுதி வைத்திருப்பதைத்தானே அது படித்திருக்கும்! (போகிறபோக்கில் ஒன்று: ஆதாரமில்லாமல் 'நம்பர் 1' என்று போடுவது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரமாகிவிடலாம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சொன்னால் நம்ம ஊரில் சிரிக்கிறார்கள்.)

சின்னக்கடை வீதியில் ஒரு மாம்பழக் கடை. சீசன் தொடங்கும்போது கூப்பிட்டார். "சேலத்து மாம்பழத்தின் சக்கரவர்த்தி" என்று பெரிய ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றார். "அண்ணே, ஒரு மத்தியானம் உங்க கடையில சும்மா உட்கார்ந்துக்கறேன், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் மல்கோவாவைக் கையில் எடுத்ததும் செய்தது ஒன்றே. காம்புப் பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தார்கள், கட்டைவிரலால் லேசாக அமுக்கினார்கள், பிறகு, "கல்லு வெச்சதுங்களா?" (கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்று அர்த்தம்.) அண்ணன் பதில்: "நம்ம கடையில அந்தப் பேச்சே கிடையாதுங்க." தலையை ஆட்டிவிட்டு ஒரு கிலோ கேட்க வந்த அம்மா அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போனார். நம்பவில்லை என்று அர்த்தம். இன்னொரு கேள்வி முதலாளியிடம் வராது, பழத்தைப் பையில் போடுகிற பையனிடம் தணிந்த குரலில் வரும்: "கண்ணு, இது எப்பப் பழுக்கும்? மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போறோம், தாங்குமா?" அந்தப் பையன் சொல்கிற பதிலைத்தான் எல்லோரும் நம்பினார்கள். அவனுக்கு விற்க வேண்டிய கட்டாயம் இல்லையே.

ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்றேன். நாலு கூடை, நாலு சிலேட்டு. 'இன்னைக்கே சாப்பிடலாம்', 'நாளைக்கு', 'ரெண்டு நாள் ஆகும்', 'ஊருக்கு எடுத்துட்டுப் போக'. பையன் கையெழுத்திலேயே எழுத வைத்தோம். வெளியூருக்குப் போகிற பெட்டியில், மேல் அடுக்கில் 'முதல்ல இதைச் சாப்பிடுங்க' என்று ஒரு துண்டுச் சீட்டு. ஒரே கூடையில் அரைக்கிலோ எடுத்தவர்கள் கூடைக்கு ரெண்டாக எடுக்க ஆரம்பித்தார்கள். கல்லு பற்றிய கேள்விக்கு நாங்கள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி குறைந்தது. கல் வைத்துப் பழுக்க வைத்தால் மொத்தக் குவியலும் ஒரே நாளில் ஒரே மஞ்சளாகிவிடும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நாலு பதத்தில் நாலு கூடை கண்ணுக்கு முன்னால் இருப்பதே பதில். கார்பைட் கல்லுக்குத் தடை இருக்கிறது, அளவாக எத்திலீன் வாயு வைக்கத்தான் அனுமதி. இதையெல்லாம் போர்டில் எழுதினால் யார் நின்று படிப்பார்கள்?

காசு கொடுக்கும்போது மட்டும் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "போர்டே அடிக்கலியே தம்பி, சிலேட்டு நான் வாங்குனதுதானே?"

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும், அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் ஷ்லிட்ஸ் பீர் கம்பெனிக்கு வேலை செய்தார். எல்லாக் கம்பெனியும் அப்போது 'எங்கள் பீர் சுத்தமானது' என்று கத்திக்கொண்டிருந்தது. இவர் நேரே தொழிற்சாலைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று மட்டும் போகிற கண்ணாடி அறை, பாட்டிலை நாலு தடவை கழுவுவது. "இதை ஏன் யாருக்கும் சொல்லவில்லை?" என்று கேட்டால், "எல்லாக் கம்பெனியும் இப்படித்தானே செய்கிறது" என்றார்களாம். இவர் அதையே எழுதினார். எல்லோரும் செய்கிற காரியம்தான், முதலில் வாய் திறந்தவருக்கு அது சொந்தமாகிவிட்டது. பின்தங்கியிருந்த அந்த பீர் முன்வரிசைக்கு வந்துவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம கடலூர் சி.கே. ரங்கநாதன் இருக்கிறார். 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் அவர் தொடங்கியது சிக் ஷாம்பு. சீயக்காய் தேய்த்துப் பழகிய கிராமத்தில் இந்தப் பாக்கெட் சமாச்சாரம் முடியை என்ன செய்யுமோ என்ற பயம் இருக்கத்தானே செய்யும். ஊர் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை உட்காரவைத்து, எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, "தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க" என்று கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றொரு திட்டமும் போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றம்தான் கெட்டிக்காரத்தனம். முதலில் பயத்தைப் போக்கு, பிறகு பழக்கத்தைப் பிடி. எத்தனை கலர் போஸ்டர் ஒட்டியிருந்தாலும் இது நடந்திருக்காது.

நம்ம மாவட்டத்திலேயே இப்படி ஒரு சந்தேகம் பதில் சொல்ல ஆளில்லாமல் கிடக்கிறது: ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்துபார்த்து இங்கே வேரூன்றிய தொழில். 1981-ல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், வடாம். ஆனால் சரக்கு பெரும்பாலும் போவது மகாராஷ்டிரா, குஜராத், வங்காளம் பக்கம். அங்கே அது விரதச் சாப்பாடு. ஏகாதசி, நவராத்திரி, சிவராத்திரி என்றால் ஜவ்வரிசிக் கிச்சடி, ஜவ்வரிசி வடை. அப்படி விரதம் இருக்கிறவர்களுக்கு இந்தியில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வருஷா வருஷம் சுற்றுகிறது. சேலம் பக்கம் ரோட்டோரத்தில் பெரிய பெரிய குழி வெட்டி, கிழங்கு மாவைப் புளிக்கவிட்டு, அதில் புழு பூச்சியெல்லாம் விழுந்து, அப்படியே காலால் மிதித்துச் செய்கிறார்கள், ஆகவே அது சைவமே இல்லை என்று. கிழங்கைக் கழுவி, தோல் உரித்து, அரைத்து, கிழங்குப் பாலை வடிகட்டித் தெளியவிட்டு, மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, காயவைக்கிற முறையை இந்தியில் ரெண்டு நிமிஷ வீடியோவாக எடுத்து, பாக்கெட்டில் ஒரு க்யூஆர் கோடு போட்டால் போதும். நம்ம ஆட்கள் பாக்கெட்டில் போடுவது என்னவோ பிள்ளையார் படமும் 'பிரீமியம் குவாலிட்டி'யும்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜவ்வரிசி இயல்பில் பளீர் வெள்ளை கிடையாது, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். வாங்குகிறவர் வெள்ளையைத் தேடுகிறார் என்று சிலர் ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள், உணவுப் பாதுகாப்புத் துறை ரெய்டு என்று பேப்பரில் வருகிறது. "மங்கலா இருக்கே, பழசா?" என்பதுதான் கடையில் கேட்கிற கேள்வி. 'மங்கலாக இருப்பதுதான் இதன் நிறம்' என்று பாக்கெட்டின் முன்பக்கத்தில் துணிந்து போடுகிறவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். டிசைன் இலவசமாகவே செய்து தருவேன்.

துணிந்த ஆள் ஒருவர் ஏற்காட்டில் கிடைத்தார். ஏரிக்குப் பக்கத்தில் காபித்தூள், மிளகு, ஏலக்காய் விற்கிறவர். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் மலைக்குக் காபி கொண்டுவந்த கதையைப் பாக்கெட் பூராவும் போட வேண்டும் என்று ஆசை அவருக்கு. நல்ல கதைதான். ஆனால் வேனிலிருந்து இறங்கி வருகிற டூரிஸ்ட் கேட்பது அதுவா? "இது இங்கயே விளைஞ்சதா, கீழேயிருந்து மூட்டையில வந்ததா?", "சிக்கரி எவ்வளவு?" என்றுதான். கலவைக் காபியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கலவை விகிதத்தை லேபிளில் போட்டே ஆகவேண்டும் என்று விதியே இருக்கிறது. எல்லோரும் போடுகிறார்கள், பாக்கெட்டின் முதுகில், எறும்பு சைஸ் எழுத்தில். அதை எடுத்து முன்பக்கத்தில் பெயரைவிடப் பெரிதாகப் போடுவோம் என்றேன். காபி 80, சிக்கரி 20. அதற்குக் கீழே பழம் பறித்த மாசம், எந்த ஊர்த் தோட்டம், வறுத்த தேதி. "சிக்கரின்னு பெருசாப் போட்டா எவன் வாங்குவான்?" என்று அவர் வீட்டம்மா சண்டைக்கே வந்துவிட்டார். விற்பனை இரட்டிப்பாகிவிட்டது என்று அளக்கமாட்டேன். ஆனால் ஜனங்கள் கேட்பது மாறிவிட்டது. "சிக்கரி இல்லாதது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு ரெண்டாவதாக ஒரு பாக்கெட் போட்டார், விலை கூடத்தான். இப்போது அந்த அம்மா அதைத்தான் முன்னால் எடுத்து வைக்கிறார்.

காபி என்றதும் நீங்கள் மடக்குவீர்கள்: "பேஷ் பேஷ், ரொம்ப நன்னாருக்கு" என்ற நரசுஸ் விளம்பரம் எந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது? அதுவும் சேலத்துக் கம்பெனிதானே? சரிதான். அது காதில் ஒட்டிக்கொள்வதற்காகவே செய்தது, பிரமாதமாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அப்படி ஒட்டவேண்டும் என்றால் திரும்பத் திரும்ப டிவியில் போட வேண்டும், அடுத்த தெரு மளிகைக் கடை வரைக்கும் சரக்கு இருக்க வேண்டும். உங்களிடம் ஒரு கடையும் ஒரு சீசனும்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை பார்க்கிற ஆளிடம் வேலை செய்கிற விளம்பரம்தான் நமக்குக் கட்டுபடியாகும்.

ரெண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. ஒன்று, வாடிக்கையாளருக்கு வராத சந்தேகத்தை நீங்களே கிளப்பாதீர்கள். 'எங்கள் ஹோட்டல் சமையலறையில் கரப்பான் கிடையாது' என்று போர்டு வைத்தால் தோசை தொண்டையில் இறங்காது. அடுத்தது கொஞ்சம் கஷ்டமானது. சந்தேகம் நியாயமாகவே இருந்தால் விளம்பரத்தில் வழி கிடையாது. வெள்ளிக் கொலுசுக் கடை ஒன்றில் இப்படித்தான் ஆனது. வருகிற பெண்கள் எல்லோரும் கேட்டது, "திருப்பிக் குடுத்தா என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?" கொலுசுக்கு டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, பழசை எந்தக் கணக்கில் எடுப்பீர்கள் என்று பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள், அதுவே உங்கள் விளம்பரம் என்றேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, நீ டிசைன் மட்டும் பாரு." அடுத்த வாரம் வேறு யாரோ செய்துகொடுத்த ஃப்ளெக்ஸ் அந்தக் கடை வாசலில் தொங்கியது, 'நம்பிக்கை' என்று ஆள் உயர எழுத்தில்.

உங்களுக்கு நான் சொல்வது: கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். வருகிறவர்கள் கேட்கிற கேள்வியை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைவிட வேலைக்கு இருக்கிற பையனோ பொண்ணோ எழுதினால் இன்னும் நல்லது, உங்களிடம் கேட்காததை அவர்களிடம் கேட்பார்கள். வாங்காமல் திரும்பிப் போனவர் கடைசியாக என்ன கேட்டார் என்பதற்கு மட்டும் அடிக்கோடு. ஒரு வாரத்தில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். அதற்குப் பதிலைச் சொல்லாமல் காட்ட முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். ரீல்ஸா, நோட்டீஸா, சிலேட்டா என்பதெல்லாம் அப்புறம்.

என்ன கடை என்று நீங்கள் எழுதவில்லை. கீழே சொல்லுங்கள். அடிக்கடி வரும் கேள்வி எதுவாக இருக்கும் என்று நான் ஊகித்து எழுதுகிறேன், உங்கள் நோட்டோடு ஒத்துப் பார்க்கலாம்.