பிரேசியர் ஏன் மன்னிக்க வேண்டும்?

அன்புள்ள சார்,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். என் பையனுக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மனைவிக்குச் சம்மதம் இல்லை. எனக்கும் குழப்பமாக இருந்ததால் யூடியூபில் பழைய ஹெவிவெயிட் வீரர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முகமது அலியின் கை நடுங்குவதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

அதில் ஜோ பிரேசியர் என்று ஒருவர் வந்தார். அலியிடம் தோற்றவர். காசெல்லாம் போய், கடைசியில் ஒரு ஜிம்மின் மாடியில் தனியாக வாழ்ந்தாராம். அதைவிட என்னை வருத்தியது வேறு. அலி நோயாளியான பிறகும் இவருக்கு மனம் இரங்கவில்லை. 1996இல் அலி ஒலிம்பிக் தீபம் ஏற்றியபோது, நானாக இருந்தால் அந்தத் தீயிலேயே தள்ளிவிட்டிருப்பேன் என்றாராம். அலி மன்னிப்புக் கேட்டும் இறங்கி வரவில்லையாம். தீங்கு செய்தவனுக்கும் நல்லது செய் என்று சொன்ன மரபு நம்முடையது. ஒரு சாம்பியனுக்கு இவ்வளவு சின்ன மனசா? இந்த விளையாட்டு மனிதனை இப்படித்தான் ஆக்குமா? பையனைச் சேர்க்கலாமா? உலகின் சிறந்த ஹெவிவெயிட் யார் என்ற உங்கள் கருத்தையும் அறிய ஆவல்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

சிறந்த ஹெவிவெயிட் யார் என்பதை டீக்கடைக்கு விட்டுவிடுவோம், அங்கே பேசினால்தான் அதற்கு ருசி. பையன் விஷயம்: தலையில் அடி வாங்கும் விளையாட்டு இது, அதில் ஒளிவுமறைவு இல்லை. கயிறு தாண்டுவதற்கும் பையைக் குத்துவதற்கும் தாராளமாக அனுப்புங்கள். எதிரே ஆளை நிறுத்திக் குத்தவிடும் கட்டம் வரும்போது கோச்சிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள், ஒரு டாக்டரையும் கேளுங்கள். எழுத்தாளனைக் கேட்காதீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்தச் 'சின்ன மனசு' என்ற சொல்லுக்காக. போன மாதம் சித்தப்பாவின் காரியத்துக்குப் போயிருந்தபோது இதே சொல்லை வேறொரு வாயிலிருந்து கேட்டேன். அன்றிலிருந்து மனதில் பிரேசியர்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். சித்தப்பாவைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. 'அலியிடம் தோற்றவர்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் தோற்றது அலி. 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இருவருமே அதுவரை தோல்வி காணாதவர்கள், ஆளுக்கு 25 லட்சம் டாலர் சம்பளம். பதினைந்தாவது ரவுண்டில் பிரேசியரின் லெஃப்ட் ஹூக், அதாவது இடது கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, தாடையில் இறங்க, அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்தும்விட்டார், அது அலியின் பெருமை. ஆனால் தீர்ப்பு ஒருமனதாகப் பிரேசியருக்குத்தான். நீங்கள் பார்த்த வீடியோவில் இது இருபது விநாடி வந்திருக்கும், அதற்குள் போன் அடித்திருக்கும்.

அந்த இடது கைக்கு ஒரு கதை உண்டு. பிரேசியர் 1944இல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட் பக்கம் பிறந்தவர், பெற்றோருக்குப் பன்னிரண்டாவது பிள்ளை. அப்பா ரூபின் துப்பாக்கிச் சூட்டில் இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் ஆகாத வேலைக்கெல்லாம் பையன்தான் அப்பாவின் இடது கை. சாக்குப்பையில் பழந்துணியும் சோளக்கட்டையும் அடைத்து, நடுவே ஒரு செங்கல்லை வைத்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குத்திப் பழகினான். ஒரு நாள் பன்றி துரத்தியதில் விழுந்து கையில் அடி. வைத்தியத்துக்குக் காசு இல்லை. எலும்பு கோணலாகவே கூடியது, அதன்பின் அந்தக் கையை முழுதாக நீட்ட முடியவில்லை. பாதி மடங்கியே நின்ற அந்தக் கைதான் பின்னாளில் உலகம் பயந்த லெஃப்ட் ஹூக். பதினைந்து வயதில் பஸ் ஏறி வடக்கே போனான். பிலடெல்பியாவில் மாட்டு இறைச்சிக்கூடத்தில் வேலை, தொங்கும் மாட்டுத் தொடைகளைக் குத்திப் பயிற்சி. 1964 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இடது கட்டைவிரல் உடைந்தது. அதை வெளியே சொல்லாமல் இறுதிப் போட்டிக்குப் போய்த் தங்கம் வாங்கினான்.

அதுபோகட்டும். தீங்கு செய்தவனுக்கும் நல்லது செய் என்கிறீர்கள். பிரேசியர் அதை முன்கூட்டியே செய்துவிட்டார். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக 1967இல் அலியின் பட்டத்தைப் பறித்தார்கள், லைசென்ஸையும் பறித்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ரிங் ஏற முடியாமல், வருமானம் வற்றிப்போய் இருந்தார். அந்த நாட்களில் அவர் கையில் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் பிரேசியர். அலிக்கு லைசென்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று வெளிப்படையாகப் பேசவும் செய்தார். சுயநலம் இல்லையா என்றால், இருந்தது. அலியை அடிக்காதவரை தன்னை யாரும் சாம்பியனாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். இருக்கட்டுமே. விழுந்து கிடந்தவனை எழுப்பிவிட்டவர் அவர். எழுந்தவர் என்ன செய்தார்?

பிரேசியரை வெள்ளைக்காரனுக்கு வால்பிடிக்கும் கறுப்பன் என்றார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிற கறுப்பன் கறுப்பனே இல்லை என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அலி லூயிவில்லில் ஓரளவு வசதியான வீட்டில் வளர்ந்தவர். அவரைத் தொழில்முறை வீரராக்கிப் பணம் போட்டது அந்த ஊர் வெள்ளைக்காரப் பணக்காரர்களின் குழு. பிரேசியருக்கும் பிலடெல்பியாவில் அப்படி ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. இதில் யார் யாருக்கு வால்பிடித்தது? கூலி விவசாயியின் மகனைப் பார்த்து இப்படிச் சொல்ல அலிக்கு எப்படி வாய் வந்தது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. டிக்கெட் விற்க என்பார்கள். டிக்கெட் ஏற்கெனவே விற்றுத்தான் இருந்தது.

அப்புறம் மணிலா, இருவரும் மூன்றாவது முறை மோதிய இடம். 1975. பிரேசியரின் பேச்சை அலி கேலி செய்தார், மூக்கைக் கேலி செய்தார், கொரில்லா என்றார், அதை எதுகை மோனையோடு பாட்டாகவே கட்டினார். பத்திரிகையாளர்கள் முன்னால் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன ரப்பர் கொரில்லா பொம்மையை எடுத்துக் குத்திக் காட்டினார். அறையே சிரித்தது. ஒரு கறுப்பரை, அவரைவிட நிறம் கொஞ்சம் வெளுத்த இன்னொரு கறுப்பர், வெள்ளைக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவந்த அதே சொல்லால், அதே வெள்ளைக்காரப் பத்திரிகையாளர்கள் முன்னால் அழைக்கிறார். கறுப்பு நிறத்தை வைத்தே காமெடி ட்ராக் ஓட்டிய நம் ஊர் ஆட்களுக்கு இது புரியாமல் இருக்காது. பிரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள் கே. அங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? உங்களுக்கும் ஒரு பையன் இருக்கிறான்.

அலியைத் தூற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். போருக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, வாழ்வின் சிறந்த வருஷங்களை விட்டுக்கொடுத்த துணிச்சலுக்கு முன்னால் நான் சின்னவன். 1980இல் அவர் மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஒரு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரோடு நிற்கும் படம் இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அன்று எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். பத்து வருஷம் முன்னால் இதே எல்லிஸை நாலாவது ரவுண்டோடு ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் பிரேசியர், இரண்டாகப் பிரிந்து கிடந்த பட்டத்தைச் சேர்த்து, முழுச் சாம்பியன் ஆனார். படத்தைப் பகிர்கிற நாம் யாரும் அதைச் சொல்வதில்லை. அலியை நேசிப்பது சுலபம், நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். ஆனால் அநீதியை எதிர்த்து நின்ற ஒருவர், தனக்கு உதவிய ஒரு தனி ஆளிடம் கொடூரமாகவும் இருக்க முடியும். இரண்டும் ஒரே ஆள்தான்.

மணிலாப் போட்டி அமெரிக்க டிவிக்காகக் காலையிலேயே நடந்தது. கொதிக்கும் வெயில், கூரைக்குக் கீழே இன்னும் மோசம். பிரேசியரின் இடது கண் ஏற்கெனவே சரியில்லாதது, பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பதினான்காவது ரவுண்டு முடிந்தபோது வலது கண்ணும் வீங்கி மூடிவிட்டது. வரும் குத்து தெரியவில்லை. பயிற்சியாளர் எடி ஃபட்ச் ரிங்கில் ஆட்கள் செத்ததைப் பார்த்தவர். போதும் என்றார். பிரேசியர் எழுந்தார், இன்னும் ஒரே ரவுண்டு. ஃபட்ச் தோளில் கைவைத்து அழுத்தினார். "உட்கார் மகனே, முடிந்துவிட்டது. இன்று நீ இங்கே செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள்." எதிர் மூலையில் அலியும் நிற்கமாட்டாமல்தான் இருந்தார். சாவுக்கு இவ்வளவு பக்கத்தில் போனதில்லை என்று பிறகு சொன்னார்.

அன்று அலி பிரேசியரின் மகன் மார்விஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பையனுக்கு அப்போது பதினைந்து வயது. உன் அப்பாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் மனசார சொன்னதில்லை, போய்ச் சொல் என்றார். பையன் வந்து சொன்னான். அதை ஏன் உன்னிடம் சொல்கிறான், என்னிடம் வந்து சொல்ல வேண்டியதுதானே என்றார் அப்பா. பிறகு 2001இல் நியூயார்க் டைம்ஸில் அலியின் மன்னிப்பு வந்தது: சூட்டில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன், போட்டிக்கு விளம்பரமாகத்தான் சொன்னேன் என்று. பிரேசியர் முதலில் சரி என்றார். அப்புறம் யோசித்திருக்க வேண்டும். பேப்பரிடம் எதற்கு, என்னிடம் கேட்கட்டும் என்றார். இருபத்தாறு வருஷ இடைவெளியில் அதே பதில். இதைத்தான் நீங்கள் 'இறங்கி வரவில்லை' என்கிறீர்கள்.

இப்போது சித்தப்பா. கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங்கில் இருந்தார். ஊர்க்காரப் பையன் ஒருவனைச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி உள்ளே சேர்த்துவிட்டது அவர்தான். சங்கம் உடைந்தபோது ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்து அந்தப் பையன் சித்தப்பாவை முதலாளியின் கைக்கூலி என்றான், எச்சில் இலைக்கு அலைகிறவர் என்றான். சித்தியும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். ரொம்ப வருஷம் கழித்து, அவன் பெரிய ஆளாகி, ரிட்டயர்மென்ட் விழாவில் மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டானாம், சித்தப்பா பேரைச் சொல்லிக் கண் கலங்கினானாம். சொந்தக்காரர்கள் ஓடிவந்து சொன்னார்கள். சித்தப்பா ரேடியோவுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அவனுக்கு என்ற ஊடு தெரியாதா?" என்றார், அவ்வளவுதான். அந்தச் சித்தப்பாவின் காரியத்தில்தான் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர், "நல்ல மனுசன், ஆனா சின்ன மனசு" என்றார். இலையில் பாயசம் இருந்தது. இல்லாவிட்டால் எழுந்து வந்திருப்பேன்.

கே., அவமானம் ஊரறிய நடக்கிறது. மன்னிப்பும் ஊரறியக் கேட்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் கைதட்டல் ஒரே ஆளுக்குத்தான் கிடைக்கிறது. சம்பந்தப்பட்டவரோ வீட்டில் உட்கார்ந்து செய்தியைக் கேட்டுக்கொள்கிறார், உடனே நெகிழ வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். எதற்கு? நமக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், மனக்கஷ்டம் இல்லாமல் பழைய வீடியோவைப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு மனிதர் தன் வலியைச் சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டுமா? அந்தத் தீபப் பேச்சு அசிங்கமானதுதான், நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. நோயாளியைப் பார்த்து யாரும் சொல்லக் கூடாதது. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தீர்ப்பு எழுதுகிறீர்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜிம் மாடி வாழ்க்கைக்கு நீங்கள் பட்ட பரிதாபமும் தேவையில்லாதது. பிலடெல்பியா நார்த் பிராட் ஸ்ட்ரீட்டில் இருந்த அந்த ஜிம் அவருடையது. ஏழைப் பேட்டைப் பையன்களுக்கு அங்கே பல வருஷம் கற்றுக்கொடுத்தார். பணத்தில் ஏமாந்தார், உண்மை: வாங்கி விற்ற நிலத்துக்குப் பாக்கி வராமல் கோர்ட்டுக்கு அலைந்தார். பாட்டுக் குழு வைத்து நடத்தினார், அதைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை. என் கணக்கில் அவருடைய பெரிய தப்பு மார்விஸ் விஷயத்தில்தான். பத்தே போட்டி ஆடியிருந்த மகனை 1983இல் அன்றைய சாம்பியன் லாரி ஹோம்ஸ் முன்னால் நிறுத்தினார். முதல் ரவுண்டிலேயே முடிந்தது. 1986இல் மைக் டைசன், 30 விநாடி. தன்னைப் போலவே முன்னால் போய்க்கொண்டே இரு என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார், மகனுக்கு அடி தாங்கும் அந்தத் தாடை இல்லை. உங்கள் கேள்விக்கு இதில் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

2008இல் ஜிம் மூடியது, பிறகு மேஜை நாற்காலி விற்கும் கடை வந்தது. சினிமாவில் வந்த கற்பனை வீரன் ராக்கிக்கு அதே ஊரில் 1980களிலேயே வெண்கலச் சிலை. மாட்டுத் தொடையைக் குத்தும் காட்சியெல்லாம் அந்தப் படத்திலும் உண்டு. நிஜமாகவே குத்தியவருக்குச் சிலை வந்தது 2015இல், அவர் ஈரல் புற்றுநோயில் இறந்து நாலு வருஷம் கழித்து.

கடைசிக் காலத்தில் ஒரு பேட்டியில் கோபமெல்லாம் இல்லை என்பார், இன்னொன்றில் பழையபடி ஆரம்பிப்பார். அலியோடு கேமரா முன்னால் கைகுலுக்கிய படங்களும் உண்டு. 2011 நவம்பரில் இறுதிச் சடங்குக்கு அலி கறுப்புக் கண்ணாடியோடு வந்தார், பிறர் தாங்க எழுந்து நின்று கைதட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். அது அவர்கள் இரண்டு பேர் விவகாரம். நடுவில் நின்று யார் மனசு பெரிசு என்று மார்க் போடும் வேலையை உங்களிடம் யாரும் கொடுக்கவில்லை, கே. அந்தப் பந்திக்காரரிடமும் கொடுக்கவில்லை.