நெல்லு நிறுக்கிற புரோகிராமுக்குள்ள விண்டோஸுக்கு என்ன வேலை?

கேள்வி: அண்ணன், நெல் மில் ஒண்டுக்கு நிறுவை புரோகிராம் சீ மொழியில எழுதி இருக்கன். தராசு சீரியல் கேபிளால நம்பர அனுப்பும், அத வாங்கி பில் அடிக்கிறதுதான் வேலை. ஒபீஸ்ல விண்டோஸ், மில்லுக்குள்ள ராஸ்பெரி பை, அதுல லினக்ஸ். ரெண்டுக்கும் ஓடணும் எண்டு இஃப்டெஃப் (இந்த சிஸ்டமெண்டா இந்த வரி, மத்ததெண்டா அந்த வரி எண்டு கோட்டப் பிரிக்கிற கட்டளை) போட்டுப் போட்டு இப்ப மெயின் ஃபைல எனக்கே வாசிக்க ஏலாம கிடக்கு. இஃப்டெஃப்பே கூடாதா, நான் போட்ட விதம் பிழையா? (களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, சாமான்ல பிழை இல்ல, வச்ச இடம்தான் பிழை. நீங்க அனுப்பின பில் ஃபங்ஷன வாசிச்சன், அதுக்குள்ள மட்டும் நாலு தரம் "விண்டோஸா லினக்ஸா" எண்டு கேட்டிருக்கிறீங்க. பில் போடுற இடத்துக்குத் தேவை ஒண்டே ஒண்டுதானே, இந்த மூட்டை எத்தின கிலோ. மட்டக்களப்பு வாவிக்கு மேல மண்முனையில 2014ல பாலம் வாறதுக்கு முன்னம், வாவிக்கு மேற்கால படுவான்கரையில இருந்து சாமான் பாதையில (ஆளையும் சாமானையும் ஏத்துற மிதவையில) ஏறித்தான் இஞ்சால வந்தது, பிறகு பாலத்தால வந்தது, ஆனா கடைக்காரர் கணக்கு எழுதுற கொப்பிய மாத்தல்லயே. கடக்கிற இடத்திலதான் மாற்றம். உங்கட கோட்லயும் அப்பிடி ஒரு கடக்கிற இடத்த நீங்கதான் கட்டணும்.

எப்பிடியெண்டா, தராசு எண்டு ஒரு ஹெடர் ஃபைல் (என்னென்ன ஃபங்ஷன் இருக்கு எண்டு சொல்லுற ஃபைல்), அதுல மூண்டே மூண்டு ஃபங்ஷன்: தராச திற, நிறைய வாசி, மூடு. அதுக்குக் கீழ ரெண்டு சீ ஃபைல், ஒண்டு விண்டோஸுக்கு, ஒண்டு லினக்ஸுக்கு, எத கம்பைல் பண்ணுறது எண்டத மேக்ஃபைல் (கம்பைல் பண்ணுற கட்டளைகள் இருக்கிற ஃபைல்) பாத்துக்கொள்ளும். விண்டோஸ் ஃபைலுக்குள்ள சீரியல் போர்ட்டத் திறக்கிற கிரியேட்ஃபைல் இருக்கட்டும், கொம் 10ல இருந்து போர்ட் பேருக்கு முன்னால பேக்ஸ்லாஷ் ரெண்டு, புள்ளி, திரும்ப ஒரு பேக்ஸ்லாஷ் போடுற கூத்தும் அங்கயே கிடக்கட்டும். லினக்ஸ் ஃபைலுக்குள்ள டெர்மியோஸ் (போர்ட் செட்டிங்), போர்ட்ட ரோ மோட்ல, அதாவது வாறத மாத்தாம அப்பிடியே தாற விதத்தில, வைக்கிற வேலை, இல்லாட்டி தராசு அனுப்புற கேரேஜ் ரிட்டர்ன (வரி முடிவுக் குறி) அது நியூலைனா மாத்திப் போடலாம். ஸ்லீப்பும் அப்பிடித்தான், விண்டோஸ்ல 2 எண்டு குடுத்தா 2 மில்லிசெக்கன், லினக்ஸ்ல 2 செக்கன், இதெல்லாம் பில் எழுதுறவன் மண்டையில ஏத்தி வைக்க வேண்டிய விசயமே இல்ல.

ஒரு இடத்தில கவனம். கனபேர் பண்ணுறது என்னெண்டா, கிரியேட்ஃபைலையும் லினக்ஸ்ல அதே வேலை செய்யிற ஓப்பனையும் சேத்து "நம்மட ஓப்பன்" எண்டு ஒண்டு கட்டி, ரெண்டு பக்கத்துப் பரமீட்டர் எல்லாத்தையும் அதுக்குள்ள அடைச்சிருவாங்க. அது டிசைன் இல்ல, குப்பைய வேற ரூமுக்கு மாத்தினதுதான். ஒப்பரேட்டிங் சிஸ்டம் என்ன தருது எண்டு பாத்துக் கட்டாம, உங்கட புரோகிராமுக்கு என்ன தேவை எண்டு பாத்துக் கட்டுங்க, நிறை வேணும், அவ்வளவுதான்.

நான் ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா, பட்டிருக்கன். முந்தி ஒரு வேலையில, தசமம் பிழையா வாறத இஃப்டெஃப்பிட விண்டோஸ் பாதியில திருத்திப்போட்டு, எல்ஸுக்குக் கீழ கிடந்த மத்தப் பாதிய மறந்திட்டன். கம்பைலர் ஒரு சத்தமும் போடல்ல, ஏனெண்டா அந்தப் பாதிய பிரிபுரொசசர் (கோட் கம்பைலருக்குப் போக முதல் இஃப்டெஃப்பப் பாக்கிற பகுதி) முன்னமே வெட்டி எறிஞ்சிரும், கம்பைலர் கண்ணுக்கே அது தெரியாது. இப்பிடி ஒண்டோட ஒண்டு தொடர்பில்லாத 7 இஃப்டெஃப் சுவிட்ச் இருந்தா 128 விதமான புரோகிராம் வருது, நீங்க டெஸ்ட் பண்ணுறது ரெண்டையோ மூண்டையோ.

இது இண்டைக்கு நேத்து வந்த கதையும் இல்ல. ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் கோலியர் எண்ட ரெண்டு புரோகிராமர்கள் சீ நியூஸ் எண்ட, செய்தி பரிமாறுற மென்பொருள கனக்க யுனிக்ஸ் (லினக்ஸுக்கு முன்மாதிரியான சிஸ்டம்) வகைகள்ள ஓட்டின அனுபவத்த வச்சு, இஃப்டெஃப் கேடு எண்டே 1992ல எழுதினாங்க. லினக்ஸ் கேர்னலுக்கு (லினக்ஸிட மையப் பகுதி) எழுதுறவங்களுக்கான விதியிலயும் இருக்கு: ஏலுமான அளவுக்கு சீ ஃபைலுக்குள்ள இஃப்டெஃப் போடாத, ஹெடர்ல போடு, தேவைப்படாத பக்கத்துக்கு ஒண்டும் செய்யாத வெறும் ஃபங்ஷன் ஒண்ட வச்சு விடு. கோ மொழியில ஃபைல் பேர்லயே லினக்ஸ், விண்டோஸ் எண்டு முடிச்சா அது தானே தெரிவு செய்யும்.

பிறகும் ஒண்டு ரெண்டு இஃப்டெஃப் மிஞ்சும், பயப்பிடாதீங்க. அந்த இடத்திலயும் ஏலுமெண்டா சிஸ்டத்திட பேரக் கேக்காம, தேவையான வசதி இருக்கா எண்டு கேளுங்க. பேரு ஏமாத்தும், விண்டோஸா எண்டு பாக்கிற வின்32 எண்ட மேக்ரோ, பேர்ல 32 இருந்தாலும் 64 பிட் விண்டோஸ்லயும் வரும்.

கேள்வி: இப்பிடி ஃபங்ஷன் ஃபங்ஷனாக் கூப்பிட்டா ஸ்லோவாகாதா? (அக்கரைப்பற்றில இருந்து ஒரு வாசகி)

பதில்: ஆகாது தங்கச்சி. ஒரு ஃபங்ஷன் கோலுக்கு நானோசெக்கன் கணக்குத்தான் போகும். 9600 போட் (செக்கனுக்கு 9600 பிட்) வேகத்தில சீரியல்ல ஒரு எழுத்து வரவே ஒரு மில்லிசெக்கனுக்கு மேல எடுக்கும், புரோகிராம் அதுக்காகக் காத்துக்கொண்டுதான் நிக்கும்.